களைக்காத கொம்பியூட்டர்

அஜிதா,

நான் வெள்ளனவே வேலைக்குப் போறன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்பில இருக்கு. கார்ஹிங்கில இருக்கிற உன்ர கம்பஸுக்கு ரயில் ஏற முன்னம் சூடாக்கிச் சாப்பிடு. கதவைப் பூட்டித் திறப்பைத் தபால்பெட்டிக்குள்ள போடு.

‘டெஸ்க்டொப் ஏன், எனக்கு லப்டொப் காணும்’ எண்டு ராத்திரி கோவிச்சாய். ரெண்டிலயும் புரொசெசர் பேரளவில ஒண்டுதான், பிள்ளை. ஆனால் லப்டொப் சூடேறினவுடன வேகத்தைக் குறைச்சுப்போடும். நான் வாங்கி வச்ச டெஸ்க்டொப் களைக்காது. உன்ர படிப்பு வேலையெல்லாம் அதில கெதியா முடியும்.

ஓம், அதைக் காவிக்கொண்டு போக ஏலாதுதான். வேலை செய்யவாவது வீட்டுக்கு வருவாய் எண்டுதான் வாங்கினனான்.

அப்பா

இன்னொண்டு: போகேக்க கொம்பியூட்டரை நிப்பாட்டாத. அதின்ர காத்தாடிச் சத்தம் கேட்டால் உன்ர அறையில ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.