செங்கரை அணை: கசிவுக் குறிப்புகள்

புதன்கிழமை, காலை 6.10
செவ்வாய்க் கோள். செங்கரை அணை, மேல்நிலையம். எழுதுவது தில்லைநாயகி, இங்கிருக்கும் ஒரே பொறியாளர். நீர்மட்டத்தில் மாற்றமில்லை. அடிவாரத்தில் கசிவு உண்டு, தெளிவாக வருகிறது. மண் அணை என்றால் கசியத்தான் செய்யும். தெளிந்த நீர் வந்தால் நான் பாட்டுக்கு டீ குடிப்பேன். கலங்கி வந்தால்தான் ஆபத்து. அணைக்குள்ளிருக்கும் மண் கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம்.

அணையும் அதற்குக் கீழே ஊரும் ஒரே கண்ணாடிக் கூரைக்குள். எண்ணூறு பேர். அதில் ஒருத்தி என் தங்கை வளர்மதி, ஏழு மாதக் கர்ப்பிணி. அணைக்கு என்னைவிட வயது அதிகம். இரண்டு பேருக்கும் மூட்டு சரியில்லை.

புதன்கிழமை, மாலை 4.40
கலங்கிவிட்டது. கேமராவில் பார்த்தேன், செம்மண் கரைசல். ஊரைக் காலி செய்யச் சொன்னேன்.

வளர்மதி, ரேடியோவில்: "அக்கா, எல்லாரும் மேட்டுக் கிடங்குக்கு வந்துட்டோம். நீ சாப்பிட்டியா?"

அணை போகப்போகிறது, இவளுக்கு என் சாப்பாட்டுக் கவலை.

வியாழக்கிழமை, காலை 5.15
கசிவின் வாயில் இயந்திர வண்டியை விட்டு மணல் பரப்பினேன், மேலே ஜல்லி. நீர் வெளியே போகட்டும், மண் மட்டும் உள்ளே நிற்கட்டும். மேலிருந்து துளை போட்டுக் களிமண் குழம்பைச் செலுத்துகிறேன். பம்புக்கு மின்சாரம் போதவில்லை, என் ஹீட்டரை அணைத்தேன். விரல்கள் மரத்துவிட்டன.

மனசும் அப்படித்தான் போலிருக்கிறது. 'வளர்மதி செத்துப்போவாள்' என்று இங்கே எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த துளைக்குப் போனேன்.

வியாழக்கிழமை, பகல் 1.30
கசிவு தெளிந்துவிட்டது. மதகு திறந்திருக்கிறது, நீர்மட்டம் மெதுவாக இறங்கும். நான் சொல்லும்வரை யாரும் கீழே இறங்கக் கூடாது என்று வளர்மதியிடம் சொன்னேன். "சரிக்கா" என்றாள். சந்தோஷப்பட வேண்டும். அப்புறம் படுகிறேன். இப்போது தூக்கம்.

வெள்ளிக்கிழமை, காலை 7.20
அசந்து தூங்கிவிட்டேன். ரேடியோவில் ஒரு பதிவு காத்திருந்தது.

"அக்கா, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தோம், நீ எடுக்கல. தூங்குறியாக்கும், தூங்கு. தண்ணி இன்னும் வந்துக்கிட்டே இருந்துச்சு, எங்களுக்கு மனசு கேக்கல. நீ ஒண்டியா எவ்வளவுதான் செய்வ? இவரும் இன்னும் பத்து பேரும் எறங்கி, அந்த மணல் ஜல்லியெல்லாம் வாரிப் போட்டுட்டு, சிமெண்டக் கொட்டி இறுக்கி அடைச்சிட்டாங்க. இப்ப ஒரு சொட்டு வரல! திட்டாத. அணைக்குப் பொங்கல் வைக்க எல்லாரும் கீழ போறோம். பானை பொங்குறப்ப மேலேருந்து சைரன் அடிச்சு விடு, என்ன? ரேடியோவ இங்கயே வச்சிட்டுப் போறேன், கை நெறய சாமான்."

காலை 7.26
வாய் அடைபட்ட நீர் வேறு வாய் தேடும். அணைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினேன். கிடங்கில் கேட்க ஆளில்லை. நடந்து இறங்க ஒரு மணி நேரம் ஆகும்.

காலை 7.31
கேமராவில் தெரிகிறார்கள். மின்னடுப்பில் வரிசையாகப் பானைகள். கோலம்கூடப் போட்டிருக்கிறார்கள். வளர்மதி அணையின் சரிவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், இடுப்பு வலி போல. என்னிடம் சைரன் ஒன்றுதான் இருக்கிறது.

காலை 7.38
அடித்தேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பானை இன்னும் பொங்கவில்லை, ஆனாலும் கைகளைத் தூக்கி ஒரே கும்மாளம். விட்டுவிட்டு அடித்தேன். குழந்தைகள் அதற்கேற்பக் குதிக்கிறார்கள்.

காலை 7.41
அவளுக்குப் பின்னால் சரிவில் ஈரம். செம்மண் கரைந்து சிவப்பாக இறங்குகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பயமாக இருக்கிறது. வளர்மதி, எழுந்து ஓடு. ஓடுடி

காலை 7.43
சத்தம் நின்றால் சந்தேகம் வருமோ என்று சைரனை நிறுத்தினேன்.

எழுந்துவிட்டாள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு கை வயிற்றில். இன்னொரு கையை ஆட்டி, இன்னும் ஒரு தடவை அடிக்கச் சொல்கிறாள்.