மலை சிவந்திருந்த சனிக்கிழமை

என் அன்பும் ஆத்திரமுமான அண்ணைக்கு,

லண்டன் பிளேஸ்டோவில் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. வாசலில் ஈரமாய் ஒட்டிக்கிடப்பதைக் காலையும் மாலையும் கூட்டுகிறேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனிசி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன அழகான நிறம் என்கிறா. கூட்டுகிறவளுக்குத்தானே தெரியும் அந்த அழகு. தலையாட்டிவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

நாளைக்கு உங்கள் ஆட்டைத் திவசம். நீங்கள் போய் ஒரு வருடம். கலியாணம் கட்டாமலே போனதால் படைக்க வேண்டியவள் நான்தான். மரக்கறி எல்லாம் வாங்கியாயிற்று. செத்தவரைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டுமாம். எனக்கோ உங்களோடு ஒரு கோபம் தீராமல் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு இலை போடுவது?

எண்பத்துநாலு ஐப்பசி ஞாபகம் இருக்கிறதா? நான் லண்டனுக்கு வந்து பத்து மாதம். பிஸ்கட் ஃபாக்டரியில் ஷிப்ட், வீடு, திரும்பவும் ஷிப்ட். அம்மா யாழ்ப்பாணத்தில் வருத்தமாய்ப் படுக்கையில் கிடந்தா. அவவை விட்டுவிட்டு வந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நீங்கள் ஒரு பழைய கார் வாங்கியிருந்தீர்கள். வேல்ஸ் மலைக்குப் போவோம், மரமெல்லாம் நிறம் மாறுகிற நேரம், ஒருக்கால் பார்த்தால் மறக்கமாட்டாய் என்று கிழமைக்கணக்காய் ஆசை காட்டினீர்கள்.

சனிக்கிழமை விடியவே வெளிக்கிட்டோம். பெரிய பாலத்தைத் தாண்டியபிறகு ரோடு ஒடுங்கி, வளைந்து வளைந்து ஏறியது. ஒரு வளைவில் திரும்பியதும் நான் பேச்சை விட்டுவிட்டேன். சரிவு முழுக்க மஞ்சளும் செம்மஞ்சளும் செத்தல் மிளகாய்ச் சிவப்புமாய் மரங்கள். காற்று அடித்தால் காருக்கு முன்னால் இலை பறந்தது. செம்மறிகள் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றன. நீங்கள் ஹோர்ன் அடிக்க, படிவம் நிரப்பாமல் வந்தவர்களைக் கவுன்சில்காரர் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தன. நான் வயிறு நோகச் சிரித்தேன். லண்டனுக்கு வந்தபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

ஆற்றங்கரையில் நிறுத்திச் சாப்பிட்டோம். முதல்நாள் நான் பொரித்த மீன் கட்லெட். "எனக்கு வயிறு சரியில்லை, நீ சாப்பிடு" என்று நீங்கள் வெறும் பாணைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தீர்கள். நான் நாலு கட்லெட் தின்றேன். குளிருக்கு நல்ல ருசியாக இருந்தது.

திங்கட்கிழமை நான் வேலையால் வந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "அம்மா நேற்று மோசம் போயிட்டா. கொழும்பிலயிருந்து கோல் வந்தது."

அந்தியேட்டிக்கு, அந்த முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, நாள் பார்க்க ஐயர் வந்தார். செத்த திதி என்ன என்று கேட்டார். தங்கச்சிக்குப் பொய் சொல்லலாம், திதியில் சொல்ல ஏலாதே. பிழையான திதியில் கொடுத்தால் அம்மாவுக்குப் போய்ச் சேராது என்று உங்களுக்குப் பயம். "வளர்பிறை ஏகாதசி" என்றீர்கள். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "அப்ப வியாழக்கிழமை" என்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். வியாழனுக்கு அடுத்தது வெள்ளி. அதற்கடுத்தது மலை.

ஐயர் போனபிறகு கேட்டேன். "சனிக்கிழமை உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?"

"ஓம். வெள்ளி பின்னேரமே கோல் வந்தது."

"பிறகேன் என்னைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"ஒரு நாளாவது நீ சந்தோசமாய் இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

அவ்வளவுதான். சாவுத் துடக்கு நேரம் மீன் மச்சம் தொடக்கூடாது என்று உங்கள் வாய்க்கு மட்டும் காவல் போட்டீர்கள். என் வாய்? அம்மா செத்து மூன்றாம் நாள் நான் மீன் தின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அழ வேண்டிய நாளை என்னிடமிருந்து எடுத்துவிட்டு அதற்குச் சந்தோசம் என்று பெயர் வைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

அதற்குப் பிறகு பதினாலு வருடம் உங்கள் காரில் நான் ஏறவில்லை. உங்களோடு கதைத்தேன், உங்களுக்குச் சமைத்துப் போட்டேன், ஆனால் கலியாண வீடுகளுக்கு பஸ்ஸில்தான் போனேன். பிள்ளை பெறப் போனபோதும் டாக்சி பிடித்தேன். நீங்கள் ஏன் என்று கேட்டதில்லை. காரை மட்டும் மூன்று தரம் மாற்றினீர்கள். குற்றம் காரில் என்று நினைத்தீர்களா?

இனி எழுதப்போவதை வீட்டில் மற்றவர்களும் வாசிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். போன வருடம், புதன்கிழமை காலையில், வேலைக்கு வெளிக்கிட்ட நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். அந்தக் கிழமை என் மகள் துளசி பள்ளிக்கூடத்தோடு வேல்ஸுக்குப் போயிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து உங்கள் காரின் முன் சீட் அவளுடையது. நான் ஆஸ்பத்திரியில் உங்கள் முகத்தைக் கடைசியாய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் கால் வைக்க, கோல் வந்தது.

"அம்மா, மவுண்டன் எல்லாம் ரெட். மாமாவுக்குச் சொல்லுங்கோ."

வாய் தன்பாட்டில் சொன்னது: "சொல்லுறன் பிள்ளை. நல்லாப் பாத்திட்டு வா."

வெள்ளிக்கிழமை வந்தவளை இருத்திச் சொன்னேன். "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். சரியான நாளையே சொன்னேன். அந்த அளவிலாவது நான் உங்களைவிடத் திறம் என்று ஒரு எண்ணம். அவள் என்னைப் பார்த்தாள்.

"பட் அம்மா, அண்டைக்கு நான் கோல் எடுத்தனான். மாமாட்டச் சொல்லுறன் எண்டு சொன்னீங்கள்."

"ரெண்டு நாளாவது நீ சந்தோசமாய்…" என்று தொடங்கி நடுவில் நிறுத்தினேன். அது உங்கள் வசனம், அண்ணை.

ஒரு வருடமாய் அவள் நான் சொல்வதை நம்புவதில்லை. தகப்பன் வேலையால் வர ஐந்து நிமிடம் பிந்தினால், "உண்மையைச் சொல்லுங்கோ" என்று முன்னால் வந்து நிற்கிறாள். ட்ரெயின் பிந்திவிட்டது என்றால், அவர் கதவைத் திறக்கும்வரை ஜன்னலை விட்டு அசைவதில்லை. உங்கள் பொய்க்குப் பிறகு எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் அவளைவிட வளர்ந்தவள், காட்டிக்கொள்ளவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மலை அழகாய்த்தான் இருந்தது. என் ஆயுளிலேயே நல்ல நாள் அதுதான், அம்மா இல்லாத நாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கோபம் உங்களோடு மட்டும் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு உங்களுக்குப் படைப்பதற்கு முன் துளசியைக் கூப்பிட்டு, நான் செய்தது பிழை என்று சொல்வேன். காரணம் சொல்லமாட்டேன். உங்களிடமிருந்து அந்த ஒரு சொல்லைத்தான் பதினாலு வருடம் எதிர்பார்த்தேன். நீங்கள் எனக்குத் தராததை நான் அவளுக்குக் கொடுப்பேன். இது சத்தியம்.

உங்களைப்போலவே பிழை விட்ட
உங்கள் தங்கச்சி,
சாந்தி