பெட்டியில் ஓட்டை போட்டது நான்தான்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, சின்னவள், நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் நாலு பேரும் சுகம். அங்கே நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே விழுவாய், காகிதத்தில் அது நடக்காது, அதனால்தான் கடிதம். "அப்பா, அதுல மட்டும் கைய வைக்காதீங்க" என்று நீ சொன்ன பெட்டியில் கையை வைத்துவிட்டேன். வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்ததும் நான்தான், தங்கச்சி மேல் பாயாதே.

சின்னவள் எட்டு மாதமாக உட்கார்ந்து செய்த மூன்று நிமிட பொம்மைப் படத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லி அவள் வேலை கேட்டு எழுதிய ஸ்டுடியோவிலிருந்து தகவல் வந்தது, பிடித்திருந்தால் வேலை. பெட்டியோ ஒரு நொடிப் படத்தை முடிக்க அரை நாள் எடுத்துக்கொண்டது. அந்த வேகத்தில் போனால் பிள்ளை வேலைக்குச் சேருவதற்குள் ரிட்டயர் ஆகிவிடுவாள். கிராபிக்ஸ் கார்டு போட்டால் ஓடும் என்றாள், அவள் சிநேகிதி தன் பழைய கார்டைக் கொடுத்தாள். நீ அடுத்த மாதம் புதுப் பெட்டியே அனுப்புகிறேன் என்றாய். வெள்ளிக்கிழமை அடுத்த மாதம் வரைக்கும் காத்திருக்குமா, நீயே சொல்.

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனேன். கம்பெனியிலேயே பூட்டி வந்த பெட்டி, உள்ளே இருக்கும் பவர் சப்ளை அதன் சொந்த வயிற்றுக்கே சரியாக இருக்கும், இந்தக் கார்டுக்குத் தீனி போட அதனால் ஆகாது என்றார். அதுவரைக்கும் சரி. அப்புறம் ஒரு சின்ன ஒயரை நீட்டி, "டிஸ்க்குக்குப் போற லைன்ல இத சொருகிடுங்க, ஓடும்" என்கிறார். முப்பத்தோரு வருடம் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவனிடம், சீரியல் பல்பு ஒயரில் கம்ப்ரஸரை மாட்டச் சொல்கிற மாதிரி. மாட்டேன் என்று பெரிய பவர் சப்ளையாகவே வாங்கி வந்தேன். வீட்டில் பார்த்தால் அதன் பிளக் நம் பெட்டியின் போர்டில் நுழையவே இல்லை, அந்தக் கம்பெனிக்காரன் தனக்கென்று தனி பிளக் வைத்திருக்கிறான். மாற்று ஒயர் வாங்க மறுபடி போனபோது, உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை என்று சிரித்தார். எனக்குத்தான் இந்த வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அம்மா மட்டும், "முதல்ல அவ படத்த வேற எங்கயாவது எடுத்து வைங்க, அப்புறம் உங்க வீரத்தக் காட்டுங்க" என்றாள். இந்த வீட்டில் மூளை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் மாட்டிப் போட்டதும் புதன்கிழமை காலை ஓடியது, குதிரை மாதிரி. இருபது நிமிடத்தில் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது. கார்டின் சூடு தொண்ணூறைத் தாண்டுவதைத் திரையில் காட்டினாள். சூடுதானே, அது என் தொழில் என்று மார்தட்டி, மேஜை ஃபேனைத் தூக்கி வந்து பெட்டியின் முதுகுக்கு நேராக முழு வேகத்தில் வைத்தேன். பத்தே நிமிடத்தில் அணைந்தது. "விடுங்கப்பா, அண்ணன் அனுப்பறப்ப பாத்துக்கலாம்" என்றாள் சின்னவள். அழவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, பெட்டியை மறுபடி போட்டு, வீடுகளில் ஃபிரிட்ஜ் பார்க்கும்போது செய்வதுபோல ஒரு காகிதக் கீற்றை முதுகுப் பக்கம் பிடித்தேன். கீற்று என்னைப் பார்த்துப் படபடத்தது. பெட்டி அந்த வழியாகத்தான் மூச்சை வெளியே விடுகிறது, நான் அந்தச் சுடு மூச்சையே திருப்பி அதன் வாயில் திணித்திருக்கிறேன். ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்ததற்காக எத்தனை வீட்டுக்காரர்களைத் திட்டியிருப்பேன், அவர்கள் யாரும் அன்று என்னைப் பார்க்காதது என் அதிர்ஷ்டம்.

முன்பக்கம் பார்த்தால் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் மூடி, ஊசி நுழைய இடமில்லை. காற்று உள்ளே வரவே வழி இல்லாமல் அழகுக்கு அடைத்து வைத்திருக்கிறான். மூடியைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோய் டிரில் போட்டு நாற்பத்திரண்டு ஓட்டை போட்டேன். உள்ளே இழுக்கிற மாதிரி இரண்டு சின்ன ஃபேன் பொருத்தினேன். சூடு எழுபத்து மூன்றுக்கு இறங்கி அங்கேயே நின்றது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் படம் போய்ச் சேர்ந்தது. ஸ்டுடியோக்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர்கள் வேண்டாம் என்றால் அது அவர்கள் இஷ்டம், நம் பிள்ளை நேரத்துக்கு அனுப்பவில்லை என்று மட்டும் ஒருத்தனும் சொல்ல முடியாது. புதுப் பெட்டி அனுப்பாதே, அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். இதன் மூஞ்சி சல்லடை மாதிரிதான் இருக்கிறது, இருக்கட்டும்.

நீயும் மருமகளும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். ஒன்று மறக்காதே. போன வாரம் வீடியோவில் பார்த்தேன், உன் கம்ப்யூட்டர் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிறது. இன்றைக்கே ஒரு சாண் வெளியே இழுத்து வை. இல்லையென்றால் டிரில்லோடு நானே வருவேன்.

இப்படிக்கு,
கையை வைத்த உன் அப்பா

பி.கு. ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. எதனுடையது என்று தெரிந்தால், சிரிக்காமல் எழுது.