தெற்குச் சுவரில் அடைத்த காற்று

அன்பான கீதா மேடம்,

நம் மாடம்பாக்கம் நூலகம் திறந்து ஏழு மாதம் ஆகிறது. திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் முன்னால், மூன்றே நாள் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். விழாவில் உங்கள் படத்துக்கு மாலை போட்டவன் நான்தான். ஆனால் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரும் படிக்கட்டும்.

நூலகத்துக்கு நீங்கள் வரைந்த வரைபடத்தோடு தாம்பரத்தில் என் ஹார்டுவேர் கடைக்கு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? இடித்த வீடுகளின் கதவு ஜன்னலே போதும், சுவருக்குப் பூச்சு வேண்டாம், ஏசி வேண்டாம் என்றீர்கள். என் பிழைப்பில் மண் போட வந்த பெண் என்று நினைத்தேன். ஏசி இல்லாத லைப்ரரிக்கு எவன் வருவான் என்று கேட்டும்விட்டேன்.

கூரை முடிந்ததும் ஒருநாள் மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னீர்கள். தெற்குச் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகத் துளை. வடக்கே கூரைக்கு மேல் புகைபோக்கி மாதிரி ஒரு கூண்டு. சூடு அது வழியாக மேலே போகும், துளை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும் என்றீர்கள். நான் கொட்டாவி விட்டேன். மேசைமேல் ஒரு புத்தகத்தை விரித்து வைத்தீர்கள்.

"சும்மா உக்காருங்கண்ணா. கடல் காத்து இப்ப சித்தாலப்பாக்கம் தாண்டியிருக்கும்."

வந்தது. ஒரு பக்கம் புரண்டது. பிறகு இன்னொன்று. என் சட்டை காய்ந்துவிட்டது.

நீங்கள் போன மறுநாள் கட்டடக் குழுத் தலைவர் கோதண்டம் கடைக்கு வந்தார். "தெக்கால, எமன் தெசைல, இம்மாம் ஓட்டை வச்சா இன்னா ஆவும்? அந்தப் பொண்ணையே இட்டுகினு பூட்ச்சி" என்றார்.

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. எந்தத் திசைக்காரன் வந்தாலும் சரக்குக் கொடுப்பவன் நான். ஆனால் நீங்கள் போன வேகம் என்னை உலுக்கியிருந்தது. பயந்துவிட்டேன். என் கடை சிமென்டைப் போட்டு, இரண்டே நாளில் துளைகளை அடைத்தோம். மேலே நாக்கு நீட்டிய திருஷ்டிப் பொம்மை ஒன்றும் மாட்டினேன். வேறு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து உள்ளே புழுக்கம். மழை வந்ததும் புத்தகங்களில் பூசணம். வந்த கூட்டம் பாதியானது. இப்போது கூண்டையும் மூடிவிட்டு ஏசி போடலாம் என்கிறது குழு. அந்தக் கரண்ட் பில்லை நம் நூலகம் தாங்காது. ஒரே வருஷத்தில் பூட்டு விழும்.

இதற்கு நடுவில்தான் நூலகர் வசந்தா என்னைக் கூப்பிட்டார். அதே நான்கு மணி. அதே மேசை. ஃபேனை நிறுத்தினார். கதவு ஜன்னலைச் சாத்தினார். புத்தகத்தை விரித்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

ஒரு பக்கம் எழுந்தது. படித்து முடிக்காதவர் பிடித்திருப்பதுபோலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு புரண்டது.

எதையும் எடை போட்டுப் பார்க்காமல் வாங்குகிறவன் இல்லை நான். கூண்டு வழியாகக் காற்று இறங்குகிறதோ என்று, மறுநாள் ஊதுபத்தி ஒன்றைக் கொண்டுபோய்ப் புத்தகத்தின் ஓரத்திலேயே ஏற்றி வைத்தேன். புகை நூல் பிடித்த மாதிரி நேரே மேலே போனது. துளியும் அசையவில்லை. பக்கம் மட்டும் புரண்டது.

பயமாக இருக்கிறதா என்று வசந்தாவிடம் கேட்டேன்.

"பயமில்லண்ணா, பாவமா இருக்கு. எத்தினி நாளைக்கு அவங்களே புரட்டிகினு இருப்பாங்க?"

அது நீங்கள்தானா மேடம்? கோபமா? இல்லை, காற்று வராத குறை யாருக்கும் தெரியக் கூடாது என்று நிற்கிறீர்களா?

கோதண்டத்திடம் நேற்றே சொல்லிவிட்டேன், அடைத்த சுவரைத் திறக்கப்போகிறேன் என்று. பேஜார் பண்ணாதே என்றார். எமன் வந்தால் என் விலாசம் கொடுங்கள் என்றேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் வைக்காமல், நானே உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். பொம்மையை முதலில் கழற்றுவேன். நான்கு மணிக்குள் கடைசித் துளை வரை திறந்திருக்கும். இது சத்தியம்.

காற்று உள்ளே வரட்டும். பக்கத்தை அது பார்த்துக்கொள்ளும். நீ கையை எடுத்துக்கொண்டு உட்காரம்மா.

மேடம் மேடம் என்று தள்ளியே நின்ற,
உன் அண்ணன்
தனசேகரன்