கட்-அவுட்டில் ஏறியவன்

1982 கார்த்திகை, ஞாயிறு இரவு. கோச்சடை.

வீடே மகிழ்ந்திருக்கும்போது நான் மட்டும் குறை எழுதுவது தப்புதான். மன்னிக்க வேண்டும். இந்த டைரியைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

தீபாவளிப் படம் வெளியான அன்று, கட்-அவுட்டின் கழுத்தில் மாலை போட ஏறி விழுந்து, தொடை எலும்பு முறிந்து கிடக்கிறான் அண்ணன். வானத்தில் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றும் வேடங்களிலேயே பெயர் வாங்கிய அந்த நடிகர் இன்று அவனைப் பார்க்க வந்தார். போட்டோக்காரரும் கூட வந்தார். நடிகர் நேரில் சிறிய உருவம். எங்கள் வாசற்படி ஏறவே ரசிகர் மன்றத்து ஆள் கை கொடுக்க வேண்டியிருந்தது.

கட்டிலோரம் உட்கார்ந்து, “படத்துல பறக்கிறது நான் இல்லப்பா, டூப்பு. உயரம்னாலே எனக்குத் தலை சுத்தும்,” என்றார்.

அண்ணன் சிரித்தான். “பாத்தியாம்மா, எம்புட்டு அடக்கம். பொங்கல் படத்துக்கும் நாந்தேன் மாலை போடுவேன், அண்ணே.”

நடிகர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். பறப்பதுபோல் முஷ்டியை உயர்த்தச் சொன்னார் போட்டோக்காரர். மாவுக்கட்டு தெரியாமலிருக்க அம்மாவின் சேலையைப் போட்டு மூடினார்கள். காபியைத் தொடாமலே நடிகர் கிளம்பினார்.

“பி.ஏ. படிச்ச பிள்ள, கதவுக்குப் பின்னாடியே நிக்கிற. ஒரு வார்த்தை பேசினா என்ன?” என்றாள் அம்மா.

அவரிடம் சொல்லக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். கார் போன பிறகே குரல் வந்தது:

அப்பா சொல்லிக் கேட்கவில்லை, டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பான், ஐயா. இனிமேல் ஏறாதே என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.