ரோலரில் திருப்பம் கிடையாது

அக்கா,

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உன் ஹெல்மெட்டை மொட்டைமாடியில் காயவைத்திருந்தேன். எடுக்கும்போது உள்ளே மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். சிரிக்காதே, ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறேன். உன் தேங்காயெண்ணெய் வாசனை கொஞ்சம்தான் மிச்சம். இப்போது புதிதாக ஒரு ஷாம்பு வாசனை ஏறியிருக்கிறது. அது யாருடையது என்று கடைசியில் சொல்கிறேன். என்னோடு அறையில் இருப்பவள், "அந்தப் பஞ்சைக் கழட்டி சோப்புத் தண்ணியில முக்கு, நாறுது" என்கிறாள். உன் சோலியைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

ஒரகடம் பைக் கம்பெனியில் வண்டியை ஓட்டிச் சோதிக்கிற ரோலர்களில் நீ முதல் ரோலர், நான் பக்கத்து ரோலர். லைனிலிருந்து இறங்கும் புது வண்டியில் முதன்முதலாக ஏறி உட்காருவது நாம்தான். முன்சக்கரத்தை இரும்பு இடுக்கி கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் உருளைமேல் சுற்றும். கியரை ஒவ்வொன்றாகப் போட்டு முறுக்குவோம். மீட்டர் முள் ஏறிக்கொண்டே போகும், வண்டி ஒரு அடி நகராது. அந்தச் சத்தத்தில் நீ கத்துவாய்: "இன்னாடி, எது வரைக்கும் போய்ட்ட?" நான், "எங்க ஊரு கோயில்பட்டி தாண்டிட்டேன்க்கா" என்பேன். கம்பெனி நிற்கிற இடத்தில் உங்கள் வீட்டு நெல்வயலும் இருந்தது. "நான் எங்கடி போறது? எங்க நிலத்து மேலயேதான் ஓட்டினு கீறேன்" என்பாய்.

கேன்டீனில் ஒருநாள் என் போனில் ஒரு வீடியோ ஓடியது. கிரீஸ் நாட்டில் ஒரு மலைப்பாதை, கீழே கடல். நரைத்த முடியை அள்ளி முடிந்த ஒரு அம்மா தனியாக பைக்கில் போகிறாள். நீ சாம்பார்க் கையோடு போனைப் பிடுங்கி உற்றுப் பார்த்தாய். "டியேய், நம்ம வண்டிடி! நம்ம ரோலர்ல ஏறின மாடலு! அது கிரீஸுக்குப் போய்டுச்சு, நாம இங்கியே நிக்கிறோம்." சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாய். கை கழுவி வந்ததும் சொன்னாய்: "போறோம். நீயும் நானும். ஆளுக்கொரு வண்டி." நான் விளையாட்டு என்று நினைத்தேன். நீ அடுத்த வாரமே பழைய வண்டி ஒன்றை வாங்கிவிட்டாய்.

அந்த முதல் ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? சிப்காட்டில் இன்னும் கம்பெனி வராத பக்கம், ஆளில்லாத தார் ரோடு. நீ ஏறி உட்கார்ந்து, கியர் மாற்றிய நேர்த்தியைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரோடு இடதுபக்கம் வளைந்தது. நீ வளையவில்லை. நேராக, அதே வேகத்தில், முதுகு நிமிர்ந்து, சீமைக்கருவேல முள்ளுக்குள் போய்ச் சொருகினாய். நான் அலறிக்கொண்டு ஓடி வந்தால், நீ முள்ளுக்குள் கிடந்து சிரிக்கிறாய். "திரும்பணும்னு ஒடம்புக்கே தெர்லடி! எத்தினி வண்டி ஓட்டியிருப்பேன், ஒருதபா திரும்பினது கெடியாதே!" நமக்கு மட்டுமே வரக்கூடிய கோளாறு அது. ஊரே முதலில் திரும்பக் கற்றுக்கொண்டு அப்புறம் வேகம் போகும். நாம் வேகத்தை மட்டும் கற்றிருந்தோம். நான் ஏறியபோதும் அதே முள்ளில்தான் போய் விழுந்தேன்.

பல ஞாயிறுகள் முள் பிடுங்கியபிறகு ஒருநாள் நீ திரும்பிவிட்டாய். வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாய். "வண்டிய திருப்பாதடி. கண்ணத் திருப்பு. எங்க போவணுமோ அங்க பாரு. வண்டி தானா வரும்." அதன்பிறகு நானும் ஒரு பழைய வண்டி வாங்க, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, சிங்கப்பெருமாள் கோவில் என்று சுற்றினோம். பாஸ்போர்ட் வந்தது. செலவுக்குச் சீட்டுப் பணம் எடுத்தோம். டீக்கடையில் கேட்கிறவர்களிடமெல்லாம் நீ, "கிரீஸுக்குப் போறோம், எதுனா வாங்கினு வரணுமா?" என்பாய்.

அப்புறம் ஜுரம். கஷாயத்தைக் குடித்துவிட்டுப் படு, சரியாகிவிடும் என்று, மாமா போனபிறகு வீட்டில் அதிகாரம் பண்ணுகிற உன் கொழுந்தனார் உன்னை வீட்டிலேயே வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது.

பதினாறாம் நாள் படையலில் உனக்குப் பிடித்த மசால்வடை, மிக்சர், மாம்பழக் கலர் சேலை எல்லாம் வைத்திருந்தார்கள். நான் உன் ஹெல்மெட்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். கொழுந்தனார் அதை எடுத்து ஓரமாகப் போட்டார். "வண்டிய எட்துனு ஆம்பள மாரி சுத்தினா, அதான் இப்டி பூட்டா." அவ்வளவு பேர் இருக்கிறார்களே என்று பார்த்தேன். ஆனால் வாய் நிற்கவில்லை. "அவ காய்ச்சல்ல போனா. காய்ச்சல்காரிய வீட்லயே படுக்கப்போட்டது வண்டி இல்ல" என்றேன். உன் மகள் எழுந்துவந்து ஹெல்மெட்டை மறுபடி படையலில் வைத்தாள். எல்லாம் முடிந்ததும் என் கையில் கொடுத்து, "நீ எட்துனு போ சித்தி. அங்க போட்டுனு போ" என்றாள். கொழுந்தனார் மறுவாரமே உன் வண்டியை விற்றுவிட்டார்.

எங்கம்மா போனில் ஒரே சத்தம். "ஏட்டி, ரெண்டு பேரு போறோம்னியே, சரின்னேன். இப்ப அவ இல்ல. ஒத்தப் பொம்பளப்புள்ள அம்புட்டுத் தூரம் போயி என்னத்தக் கிழிக்கப் போற?" கிழித்துவிட்டு வருகிறேன் என்று போனை வைத்தேன்.

போனேன் அக்கா. ஏதென்ஸில் வாடகைக் கடையில் நம் மாடலையே கேட்டு வாங்கினேன். சாவியைக் கொடுத்தவர் முன்னால் பழக்கதோஷத்தில் வண்டியைச் சுற்றிவந்து, "ஹாரன் ஓகே! லைட் ஓகே! பிரேக் ஓகே!" என்று லைனில் கத்துகிற மாதிரியே கத்தினேன். மனிதர் மிரண்டுபோய் நின்றார். உன் ஹெல்மெட் எனக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது. தங்கிய இடமெல்லாம் ஒரே கேள்வி: "தனியாகவா?" நம் ஊர்க் கேள்விதான், பாஷைதான் வேறு. ஆமாம், தனியாகத்தான் என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன்.

ஸ்பார்ட்டாவிலிருந்து கலமாட்டாவுக்கு மலை தாண்டிப் போகிற ரோடு. கொண்டை ஊசி வளைவுகள் தீரவே தீரவில்லை. வளைவுகளில் கம்பத்தின்மேல் சின்னச் சின்னக் கோயில் மாதிரி தகரப் பெட்டிகள், உள்ளே எண்ணெய் விளக்கு. அந்த வளைவில் செத்தவர்களுக்கும், சாகாமல் தப்பியவர்களுக்கும் வைப்பது என்று முந்தின நாள் விடுதிக்காரம்மா சொல்லியிருந்தாள். ஒரு வளைவில் எதிரே லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், என் உடம்பு ரோலருக்குப் போய்விட்டது. முதுகு நிமிர்ந்தது, கை இறுகியது, வண்டி நேராகப் போகிறது. நேரே ஒரு தகரப் பெட்டி, அதற்குப் பின்னால் பள்ளம். என் கண் அந்தப் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டது.

எப்படியோ கண்ணைப் பிடுங்கி வளைவின் முடிவைப் பார்த்தேன். வண்டி சாய்ந்தது. வந்துவிட்டது.

ஓரமாக நிறுத்தி உட்கார்ந்து, ஓவென்று அழுதேன். நீயும் கூடவே வந்தாய், என்னைக் காப்பாற்றினாய் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு இதமாக இருக்கும். நான் எழுதமாட்டேன். நீ வரவில்லை. பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம். அழுது முடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். சாயங்கால வெயிலில் கலமாட்டாக் கடல் தெரிந்தது. "ஏ அக்கா, தாண்டிட்டேன்!" என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினேன். காது அடைத்துவிட்டது.

இப்போது ஷாம்பு விஷயம். உன் மகளுக்கு லைசென்ஸ் வந்து, போன மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதே சிப்காட் ரோட்டில் என் வண்டியை ஓட்டுகிறாள். முதல் நாளே அழகாகத் திரும்பிவிட்டாள். அவள் ரோலரில் ஏறியவள் இல்லையே. யார் சொன்னார்களோ, இன்று காலை கொழுந்தனார் வந்துவிட்டார். வளைவுக்கு முன்னால், நட்டநடு ரோட்டில், கையை விரித்துக்கொண்டு நின்றார். "எறங்குடி! உங்கம்மா மாரி நீயும் பூடணுமா?"

அவள் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தாள். நிறுத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திருப்பு என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை அக்கா, சத்தியமாக இல்லை. நீ எப்போது சொல்லியிருந்தாயோ தெரியாது. உன் ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் சித்தப்பாவிடமிருந்து விலகி, அவரைத் தாண்டி, ரோடு வளைகிற இடத்தைப் பார்த்தது. வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். இப்போது உன் ரோலரில் நிற்பது நான்தான். வண்டி முழுவேகத்தில் உறுமும்போது கண்ணை ஒரு பக்கமாகத் திருப்புகிறேன். "நேரா பாரும்மா, ரோலர்ல ஏது திருப்பம்?" என்று சூப்பர்வைசர் கத்துகிறார். கத்தட்டும்.