முத்தும் முத்தாவும்

மார்ச் 5

அன்புள்ள அண்ணா,

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் கடையிலிருந்து நீ அனுப்பிய தண்ணீர் மணிப் பொட்டலத்தை உன் மருமகள் மொத்தமாக வாளியில் கொட்டி ஊற வைத்துவிட்டாள். கடுகாகப் போட்டது காலையில் கோலிக்குண்டாக நிற்கிறது. அவள் அதற்கு 'முத்து' என்று பெயர் வைத்திருக்கிறாள். கட்டிலடியில் முத்து, செருப்புக்குள் முத்து, என் தையல் மெஷினுக்குள்ளும் முத்து. குனிந்து குனிந்து என் இடுப்பு போயிற்று.

சின்னவன் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிற வயது. இதை விழுங்கினால் ஏதாவது ஆகுமா? கேலி பண்ணாமல் பதில் எழுது.

உன் தங்கை

மார்ச் 11

எதையும் ஊதிப் பெரிதாக்கும் என் தங்கைக்கு,

பேனைப் பெருமாளாக்காதே. நஞ்சில்லை என்று உறையிலேயே போட்டிருக்கிறது. உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். விழுங்கினாலும் மறுநாள் தானாக வெளியே வந்துவிடும். நீ சின்ன வயதில் சட்டைப் பித்தானை முழுங்கினாயே, என்ன ஆகிவிட்டது? இன்றுவரை வாய் மட்டும் குறையவில்லை.

கடையில் இப்போது இதுதான் ஓடுகிறது. பிள்ளைகளை விளையாட விடு.

அண்ணன்

மார்ச் 28

அண்ணா,

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சின்னவன் பிழைத்துவிட்டான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுத்தான். வயிற்றைத் தொட்டுத் தொட்டு "முத்தா, முத்தா" என்று அழுதான். எங்கே அடிபட்டாலும் முத்தா கொடுத்துத்தானே அவனைச் சமாதானப்படுத்துவேன். அவன் காட்டிய இடத்திலெல்லாம் கொடுத்தேன். வயிறு கல் மாதிரி ஆகும்வரை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், பாவி.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் பெரியவள்தான் சொன்னாள்: "அம்மா, அவன் முத்தா கேக்கல. முத்து தின்னுட்டான்."

டாக்டர் உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார். கட்டிலடியில் காய்ந்து சுருங்கிச் சின்னதாகக் கிடந்து உள்ளே போனது குடலுக்குள் ஊறிப் பெருத்து வழியை அடைத்திருந்தது. "தண்ணிதாம்மா. அதனாலதான் எக்ஸ்ரேல தெரியல. மூச்சுக் குழாய்க்குள்ள போயிருந்தா இங்க கொண்டு வர்றதுக்கே நேரம் இருந்திருக்காது. முழுங்கினான்னு சந்தேகம் வந்தாலே போதும், தானா வரும்னு காத்திருக்காதீங்க" என்றார்.

நீ சொன்னது சரிதான், நஞ்சில்லை. எனக்கு உன் மன்னிப்பும் வேண்டாம். கடையிலிருந்து அதை எடுத்துவிட்டாயா? அதை மட்டும் எழுது.

தங்கை

ஏப்ரல் 6

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மருமகனை நினைத்து நினைத்து அழுதேன். அவனுக்குப் பெரிய கரடி பொம்மை ஒன்று அனுப்புகிறேன்.

மணிகளை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாது. வாங்கிய சரக்கைக் குப்பையிலா கொட்ட முடியும்? இருக்கிறது தீர்ந்ததும் புதிதாக எடுக்க மாட்டேன். இது சத்தியம். கோபப்படாதே.

அண்ணன்

ஏப்ரல் 13

அண்ணா,

சின்னவன் கஞ்சி குடிக்கிறான். தையல் பிரித்தாயிற்று.

மேல்தட்டு பிள்ளைகளுக்கு எட்டாது. வாங்கிக்கொண்டு போகிற மாமாக்களுக்கு எட்டும். ஒவ்வொரு பொட்டலமும் ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்த்தான் தீரும். அந்த வீட்டிலும் ஒருத்தி குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

கரடியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மிச்சத்தைக் கொட்டிவிட்டால் எழுது. விற்றுத் தீர்த்தால் எழுதாதே.

தங்கை